இருபதடி தள்ளி

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் முதல் சந்தனப் பொட்டு ஜெனரேட்டருக்குத்தான். ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர், டியூப்லைட் கட்டைகள் எல்லாம் அதற்கப்புறம். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மைக் செட் கடை வைத்திருந்தவர். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் தென்னந்தோப்புகள் மட்டுமே இருந்த ஊர் எங்களுடையது. காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் டிவிஎஸ் 50-இன் பின்னால் ஒரு ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு போவார். தாலி கட்டுகிற நேரத்தில் மைக் நின்றுபோனால் அந்தப் பேச்சு பத்து வருடம் ஊரில் நிற்கும் என்பார்.

அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். சோக்கை எப்போது இழுக்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும் என்பது பத்து வயதிலேயே கைக்குப் பழகிவிட்டது. சத்தத்தைக் கேட்டே லோடு ஏறியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் கொண்டுபோய் வைத்த ஒரு ஜெனரேட்டரால் 2018 நவம்பரில் என் அக்கா மகன் கண் விழிக்காமலே போயிருப்பான். இதை எழுத ஏழு வருடமாகத் தயங்கினேன். இந்த ஐப்பசியில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் புது ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்ன பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

கஜா புயல் நவம்பர் 16 வெள்ளிக்கிழமை அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது ஊரின் அடையாளமே மாறியிருந்தது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து, சில இடங்களில் கம்பியோடு சேர்ந்து வயலுக்குள் விழுந்திருந்தன. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன என்பது பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் இப்போதைக்கு வராது என்பது மட்டும்தான்.

தெருவில் தளம் போட்ட வீடு எங்களுடையதும் இன்னொன்றும். கீற்றுக் கூரை பறந்துபோன பெரியம்மா வீட்டார், அக்கா, அவள் பிள்ளைகள் என்று பதினொரு பேர் எங்கள் கூடத்தில் படுத்தார்கள். பகலில் ஜெனரேட்டரை வாசலில் வைத்து ஓட்டினோம். ஒரு பிளக் பாக்ஸில் இருபது போன் தொங்கும். ஒரு ஹெச்பி மோட்டாரை அதில் ஓட்டித் தெருவுக்கே தண்ணீர் இறைத்துக் கொடுத்தோம். அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டு மிஷின் ஊருக்கு ஒரு சாமி போல இருந்தது. சொல்லப்போனால், அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

அடுத்த வாரத் தொடக்கத்தில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வாசலில் வைத்தால் மிஷின் நனையும். இரவில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. பிள்ளைகளைக் கொசு பிய்க்கிறது, ஃபேன் ஓடியே ஆக வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அடுப்படியை ஒட்டிய கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு மிஷினை இழுத்துப் போனேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி கேட். சாரல் அடிக்கிறதே என்று கேட்டின் மேல் தார்ப்பாயையும் கட்டினேன். சைலன்சரை வெளிப்பக்கம் திருப்பித்தான் வைத்தேன். அடுப்படிக் கதவையும் சாத்தினேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

தார்ப்பாயில் மோதிய புகைக்குப் போக வழியில்லை. கதவைச் சாத்தினேனே தவிர, கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் ஜன்னலை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் ஓடிய ஃபேன், அடுப்படிக் காற்றை இழுத்து இழுத்துத் தூங்குகிறவர்கள் மேல் வீசியது.

எட்டு மணிக்கு ஸ்டார்ட் செய்தது. நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்திருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்தரை இருக்கும், அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தலை பொளக்குதுடா" என்றாள். பின்னாலேயே பெரியம்மா வாந்தி எடுக்கிற சத்தம். மத்தியானம் சாப்பிட்ட நிவாரணப் பொட்டலம் ஒத்துக்கொள்ளவில்லை, இல்லாவிட்டால் தண்ணீர் சரியில்லை என்று ஆளுக்கொன்று பேசினோம். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். அடுப்படி வரை போய்த் திரும்பியவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"பயல எழுப்பு."

நான்கு வயதுப் பிள்ளை. தோளைப் பிடித்துத் தூக்கினேன். நனைந்த துணியைத் தூக்குகிற மாதிரி கை இரண்டும் தொங்கின. கன்னத்தில் தட்டினேன், முனகினான், கண் திறக்கவில்லை. நான் அவனை அக்காவிடம் கொடுத்துவிட்டு மிஷினை நிறுத்த அடுப்படிப் பக்கம் ஓடினேன். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மிஷின் கெடக்கட்டும். மொதல்ல ஆள வெளிய கொண்டா!"

பதினொரு பேரையும் தூறலில் வாசலுக்குக் கொண்டுவந்தோம். பெரியப்பா நடக்கத் தெரியாதவர் போலத் தள்ளாடினார். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அப்பா, மூச்சை அடக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிக் கொல்லை வழியாகப் போய் மிஷினை நிறுத்தினார். பையனைக் குடைக்குள் வைத்து மாற்றி மாற்றி விசிறினோம். சாலை முழுக்க மரம் கிடந்ததால் வண்டி எதுவும் வர வழியில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். அவன் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அக்கா அழுதாள்.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாப்பாடும் இல்ல, தண்ணியும் இல்ல. கார்பன் மோனாக்சைடு. இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருந்தா எழுந்திருக்க மாட்டாங்க."

பெட்ரோல் முழுதாக எரியாதபோது வருகிற வாயு அது. நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, தொண்டை கமறாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு சீராகப் போய் வரும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, குழப்பம் என்று அடையாளங்கள் எல்லாம் சாதாரணக் காய்ச்சலையோ அஜீரணத்தையோ போலவே இருக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்தார்கள் என்று செய்தித்தாளில் வருமே, அதே வாயுதான்.

ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால், அதுவும் வெளியே வந்தால் குறைகிறது என்றால், ஜெனரேட்டரைச் சந்தேகப்படுங்கள். வெளியே கொண்டுவந்ததும் 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். தெளிந்துவிட்டார்களே என்று விட்டுவிடாதீர்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள இந்த விஷம் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தத்துக்கும் இந்த விஷத்தைச் சுமக்கும் ரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

முகாமிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒன்று சொன்னார். அதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் இருந்தவை மண்ணெண்ணெய் மிஷின்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு நிமிடம் ஓட்டினால்தான் மறுநாள் ஸ்டார்ட் ஆகும். அந்தப் புகை கண்ணை எரித்துவிடும், துணியெல்லாம் நாறும், சத்தம் காதைப் பிளக்கும். யாருமே அதைப் பக்கத்தில் வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். பந்தலின் கடைசி மூலைக்கும் அப்பால், தோப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு நூறடி ஒயர் இழுப்பார். யாருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற பெயரே தெரியாது. நாற்றத்துக்குப் பயந்து தள்ளி வைத்தது, தெரியாமலே உயிரைக் காப்பாற்றியது. இன்று வருகிற சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் அழகாக இருக்கின்றன, பக்கத்தில் நின்று பேசலாம், புகை கண்ணுக்கே தெரியாது. அதனாலேயே அவை தோப்பிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து தாழ்வாரத்துக்கும், பால்கனிக்கும் வந்துவிட்டன. ஆனால் விஷம் அப்படியேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கையில் தூக்கிச் செல்கிற ஜெனரேட்டர்களின் புகையால் மட்டும் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் இறக்கிறார்கள் என்று அது சொல்கிறது. 2020 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தைத் தாக்கிய லாரா புயலில் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர்கள் பலர், அதற்கடுத்த நாட்களில் தங்கள் வீட்டு ஜெனரேட்டருக்குப் பலியானார்கள். புயலடித்து ஓய்ந்த பிறகு, கரண்ட் இல்லாத இரவுகளில்தான் இது நடக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான்.

வீட்டிலிருந்து குறைந்தது இருபதடி என்பது அந்த ஆணையம் சொல்கிற கணக்கு. கதவு, ஜன்னல், ஏசி எதற்கும் நேராக இல்லாமல், சைலன்சரின் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வீட்டு ஜன்னலையும் பாருங்கள். கார் நிறுத்தும் இடம், மாடிப்படிக்குக் கீழே, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மறைவு, பாதி திறந்த ஷட்டர் எதுவுமே வெளியிடம் ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், ஃபேன் போட்டிருக்கிறேன் என்பதும் பேச்சுக்கு உதவாது. எங்கள் கூடத்தில் ஃபேன்தான் விஷத்தைப் பரப்பியது. இருபதடி இடம் இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர் ஜெனரேட்டர் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. யூபிஎஸ் பேட்டரி வாங்குங்கள், சோலார் விளக்கு வாங்குங்கள்.

மழைக்கு என்ன செய்வது? இப்போது எங்களிடம் நான்கு இரும்புக் குழாயும் ஒரு தகரமும் இருக்கிறது. நாலு பக்கமும் திறந்த சின்னப் பந்தல். தரையில் இரண்டு அடுக்குச் செங்கல், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மிஷின். திருட்டுக்குப் பயந்தால் சங்கிலி போட்டு மரத்தில் பூட்டலாம். சாரல் சுழற்றி அடிக்கிற மழை என்றால் நிறுத்திவிட்டு இருட்டில் இருப்போம். ஈரக் கையோடு அதைத் தொடுவதில்லை. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் வாங்கிப் படுக்கிற அறையில் மாட்டியிருக்கிறோம்.

புகையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். இன்னொன்றும் கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும், அதில் சாவது நாம் இல்லை, நமக்கு வெளிச்சம் கொடுக்க வந்தவர்.

கஜாவுக்குப் பிறகு கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும்கூட மின்வாரியக் குழுக்கள் வந்தன. எங்கள் தெருவுக்கு வந்த குழுவில் மேற்கு மாவட்டத்துக்காரர் ஒரு லைன்மேன், ஐம்பது வயதிருக்கும். கம்பத்தில் ஏறும் முன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "யாரு வீட்லங்க ஜெனரேட்டர் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓடிய வீடுகளில் உள்ளே போய்ப் பார்த்தார். பக்கத்துத் தெருவில் ஒரு கடையில், ஜெனரேட்டரிலிருந்து வந்த ஒயரைச் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டில் செருகியிருந்தார்கள். இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர். வீடு முழுக்க லைட் எரிய அதுதான் சுலபமான வழி என்று யாரோ வயரிங் தெரிந்த பையன் செய்து கொடுத்தது. லைன்மேன் அதை உருவி எடுத்து, கட்டிங் பிளேயரால் இரண்டு பின்னையும் நறுக்கி, கடைக்காரர் கையிலேயே கொடுத்தார். கோபப்படவில்லை. "அண்ணே, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

அப்படிச் செருகிய கரண்ட் அந்த வீட்டோடு நிற்பதில்லை. மெயின் சுவிட்ச் ஆஃப் ஆகாமல் இருந்தால் மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிற அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கமிருந்து 230 வோல்ட் வந்தால் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி அந்தப் பக்கம் தள்ளும். சப்ளை நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவர் கையில் அது பாயும். ரிட்டர்ன் கரண்ட் என்று லைன்மேன்கள் பயப்படுவது இதைத்தான். இதனால்தான் வேலை தொடங்கும் முன் கம்பிகளை எல்லாம் ஒன்றாக எர்த் செய்துவிட்டு ஏறுகிறார்கள். அந்த ஒயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனைப் பின் வெறும் கையில் கரண்ட்டோடு நிற்கும்.

ஃபியூஸ் கட்டையை உருவி வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் அப்போதும் தெருவோடு சேர்ந்துதான் இருக்கிறது. தவிர, கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க வீட்டில் வேறு யாராவது கட்டையைத் திரும்பச் செருகிவிட்டால் முடிந்தது கதை. வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரைச் சேர்க்க வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றே வழி. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றுகிற, டபுள் போல் சுவிட்சாக இருக்க வேண்டும். அதன் கைப்பிடி ஒரு பக்கம் தெருக் கரண்ட், ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லை என்று நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர அதன் அமைப்பிலேயே வழி கிடையாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் போடுங்கள், எர்த்தையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அது வரை, வேண்டிய பொருளை நேராக ஜெனரேட்டரில் மாட்டினால் போதும்.

இருபதடி தள்ளி வைத்தால் ஒயர் நீளமாகும். அதில் ஒரு விஷயம். கேபிள் டிரம்மில் சுற்றியபடியே பாதியை மட்டும் இழுத்து ஓட்டாதீர்கள். சுற்றிக் கிடக்கிற ஒயர் சூட்டை வெளியே விட முடியாமல் உள்ளுக்குள்ளேயே வேகும். ஒரு கோயில் திருவிழாவில் அப்படி ஓட்டிய டிரம்மை மறுநாள் பிரித்தபோது, ஏழெட்டுச் சுற்று ஒன்றோடொன்று ஒட்டி அல்வாத் துண்டு போல வந்தது. அப்பா அதைத் தூக்கிப் போடாமல் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார், வேலைக்கு வருகிற பையன்கள் பார்க்கட்டும் என்று. முழுதாகப் பிரித்து விரித்துப் போடுங்கள். மோட்டார் ஓட்டுவதென்றால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்பு ஒயர் வேண்டும்.

லோடு விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. 2 கேவிஏ என்று எழுதியிருந்தால் 2,000 வாட் என்று எண்ணாதீர்கள், 1,600 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெச்பி என்பது 746 வாட் கணக்கு, மோட்டார் ஓடும்போது அதைவிடக் கொஞ்சம் கூடவே இழுக்கும், கிளம்பும்போதோ ஐந்தாறு மடங்கு கரண்ட்டை உறிஞ்சும். எங்கள் மிஷின் கொஞ்சம் பெரியது என்பதால் தாங்கியது. ஃபிரிட்ஜும் அப்படித்தான். மிஷினை முதலில் வெறுமனே இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பெரிய லோடை முதலில் போட்டு, அது நிதானத்துக்கு வந்த பிறகு மற்றவற்றைப் போட வேண்டும். நிறுத்தும்போது எல்லா லோடையும் எடுத்துவிட்டு, சற்று ஓடவிட்டு நிறுத்துவது.

அப்பாவின் வலது முழங்கைக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்தில், வழவழவென்று ஒரு தழும்பு உண்டு. கச்சேரி நடுவில் பெட்ரோல் தீர்ந்து, பாட்டுக்காரர் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில், சூடான மிஷினுக்கு மேல் குனிந்து ஊற்றியபோது சைலன்சர் பட்டது. அன்றைக்குப் பெட்ரோல் சிந்தியிருந்தால் தழும்போடு போயிருக்காது. நம் ஊர் வெயில் என்ன, மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி, பீடி எதுவாகவும் இருக்கலாம். அதனால் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, பகல் வெளிச்சத்திலோ டார்ச் வெளிச்சத்திலோ புனல் வைத்து ஊற்றுவோம். கழுத்து வரை நிரப்புவதில்லை, சூட்டில் பெட்ரோல் விரியும். சிந்தினால் துடைத்து, ஈரம் காய்ந்து, வாடை போன பிறகே ஸ்டார்ட்.

கஜா நேரத்தில் தண்ணீர் பாட்டிலிலும் பிளாஸ்டிக் குடத்திலும் பெட்ரோல் வாங்கி அடுப்படியில் வைத்திருந்த வீடுகளைப் பார்த்தேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தாகத்தில் இருட்டில் எடுத்துக் குடித்தால் என்ன ஆகும்? 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பதற்கு இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர். வீட்டுக்கு அதுவே அதிகம் என்பேன். ஐந்து லிட்டர் உலோக ஜெர்ரி கேன் ஒன்று, இறுக்கமான மூடியோடு, வீட்டுக்கு வெளியே நிழலில் இருந்தால் போதும். பங்கில் கேனை வண்டியிலேயே வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

தூக்கிப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன இன்வெர்ட்டர் மாடல்கள் 13 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குள் இருக்கும், ஒரு ஆள் தூக்கலாம். எங்கள் மிஷின் போல இரும்புச் சட்டம் வைத்தவற்றுக்கு இரண்டு ஆள் வேண்டும், முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை ஒருபோதும் நகர்த்துவதில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்துகிற காக் வால்வை மூடி, டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் திருகு இருந்தால் அதையும் மூடிய பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. மூடிய காருக்குள், டிக்கியில், பெட்ரோலோடு ஏற்றக் கூடாது. குட்டியானையில் ஏற்றினால் கீழே ஒரு பழைய டயரைப் போட்டு அதன் மேல் நிறுத்தி, கைப்பிடியில் கட்டாமல் இரும்புச் சட்டத்தில் நான்கு பக்கமும் கயிறு போடுவோம்.

நிறுத்திக் கட்ட வேண்டும் என்பதை ஒரு தடவை பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இடம் இல்லையென்று டிரைவர் தம்பி மிஷினைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் கல்லில் கட்டிய மாதிரி நின்றது. இன்ஜினின் அடிப்பெட்டியில் இருந்த ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. அந்த நிலையில் பலம் கொண்ட மட்டும் இழுத்திருந்தால் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும். அப்பா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துவாரத்தின் முன்னால் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மெதுவாக இழுக்கச் சொன்னார். கறுப்பு ஆயில் பீறிட்டு அடித்தது. ஏர் ஃபில்டரும் ஊறிப்போயிருந்தது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்டார்ட் ஆன பிறகும் பத்து நிமிடம் வெள்ளைப் புகை.

ஊர்வலத்தில் வண்டியில் வைத்து ஓட்டுகிற பெரிய டீசல் மிஷின்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சாமி ஊர்வல வண்டியில் இருந்த ஜெனரேட்டரில் தலைமுடி சிக்கி ஒரு சிறுமி இறந்த செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவே இல்லை. பிள்ளைகள் ஆசையாக அந்த வண்டியில்தான் ஏறி உட்காருவார்கள். சுற்றுகிற பாகம் எதுவும் மூடியில்லாமல் இருக்கக் கூடாது, அந்த வண்டியில் மிஷின் ஆளைத் தவிர ஒருவரும் ஏறக் கூடாது. மைக் செட் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் மிஷின் தயாராக இருக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு எடுத்து, ஆயில் அளவு பார்த்து, லோடு போட்டுக் கால் மணி நேரம் ஓட்டுவோம். ஆயில் புது மிஷினுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் மாற்ற வேண்டும். புயல் நாட்களில் இரவும் பகலும் ஓட்டினால் 100 மணி நேரம் ஐந்து நாளுக்குள் போய்விடும், அது பலருக்கும் உறைப்பதில்லை. சமதளத்தில்தான் வைக்க வேண்டும். சரிவில் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் குறைவு என்று நினைத்து மிஷின் தானாக நின்றுவிடும். ரிப்பேர் என்று கொண்டுவந்த மிஷின்களை அப்பா வெறுமனே நேராக நிமிர்த்தி வைத்து ஓட்டிக் காட்டியதுண்டு.

பொங்கல் முடிந்ததும் உறங்க வைக்கிற வேலை. இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீர் கீழே இறங்கி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டருக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பெட்ரோல் வருகிற ஜெட் துவாரம் அடைத்துவிடும். அவசரத்துக்கு எடுத்தால் கயிறு இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும். அதனால் டேங்கில் இருப்பதை ரப்பர் டியூப் வைத்து இறக்கி, வடிகட்டி, ஸ்கூட்டருக்கு ஊற்றிவிடுவோம். காக் வால்வை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுவோம். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்தால் இன்னும் ஒரு மூடி அளவு வரும்.

போன தையில் இந்த வேலையைச் செய்தபோது டார்ச் பிடித்தது அக்கா மகன். பதினொரு வயது. பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கைத் திருப்பிப் போட்டேன். கடைசி இழுப்பை அவனிடம் கொடுத்தேன். கயிறு கெட்டிப்படுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே நின்றால் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தான். "இங்கதானா தாத்தா?" என்று அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையாட்டினார்.

பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும் என்பதால் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்துப் போர்த்தினோம். மிஷின் இருக்கிற கொட்டகை கொல்லையின் கடைசியில், அடுப்படியையும் சாமி விளக்கையும் விட்டுத் தள்ளி இருக்கிறது. ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினோம். பக்கத்து ஆணியில் அந்த உருகிய டிரம் ஒயர், இன்னும் தொங்குகிறது.